மே மாதத் தவறும் அக்டோபர் மாதத் தவறும்

2018 செப்டம்பர் 30. வட கரோலினாவின் சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயத்தின் கடைசிச் சுற்று முடியக் கூப்பிடு தூரமே மீதமிருந்தது. அமெரிக்காவின் கார்ப் பந்தயத் தொடரான நாஸ்காரில் ஏழு முறை சாம்பியனான ஜிம்மி ஜான்சன் இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மார்ட்டின் ட்ரூஎக்ஸ் ஜூனியர் மட்டுமே இருந்தார். அந்த இடத்திலேயே கோட்டைக் கடந்திருந்தால், ஓட்டுநர்களைக் கட்டம் கட்டமாக வெளியேற்றிச் சாம்பியனைத் தேரும் பிளேஆஃபின் அடுத்த கட்டத்துக்கு ஜான்சன் போயிருப்பார். ஆனால் அவர் வெற்றியைக் கண்டு ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. கடைசித் திருப்பத்தில் ட்ரூஎக்ஸை முந்திவிடலாம் என்று எண்ணி பிரேக்கைச் சற்றுத் தாமதமாக மிதித்தார். சக்கரங்கள் சுழலாமல் வழுக்கின, கார் திரும்பிக்கொண்டது, திரும்பிய வேகத்தில் ட்ரூஎக்ஸின் காரையும் இடித்துச் சுழற்றிவிட்டது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ரயன் பிளேனி இருவரையும் தாண்டிச் சென்று வென்றார். ஜான்சன் எட்டாவதாக முடித்தார்.

அதே நேரத்தில், பல கார்கள் மோதிக்கொண்ட ஒரு விபத்தில் சிக்கி நொறுங்கிப்போன காரைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு கைல் லார்சன் கோட்டை நோக்கி ஊர்ந்து வந்தார். கோட்டுக்குச் சற்று முன்பாக ஜெஃப்ரி எர்ன்ஹார்ட்டின் கார் நின்றுபோயிருந்தது. லார்சன் அதைத் தாண்டினார், ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஒரு புள்ளியால் லார்சன், அரிக் அல்மிரோலா, ஜான்சன் ஆகிய மூவரும் சமநிலைக்கு வந்தனர். மீதமிருந்த இடங்கள் இரண்டே. சமநிலையை முறிக்கும் விதி ஜான்சனுக்குச் சாதகமாக இல்லாததால் அவர் வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் பிளேஆஃபுக்குள் வரவே இல்லை, நாஸ்காரின் முதன்மைத் தொடரான கோப்பைத் தொடரில் இன்னொரு பந்தயத்தை வெல்லவும் இல்லை.

இந்தியாவில் அப்போது திங்கட்கிழமை விடியலுக்கு முந்தைய நேரம். கைப்பேசித் திரையின் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு உறக்கம் வராமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. இந்தப் பந்தயத்தின் மீது எனக்குப் பற்று வந்ததே 2010-இல்தான். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டு மார்ச் மாதம் மார்ட்டின்ஸ்வில் பாதையில் நாஸ்காரின் ட்ரக் தொடரில் இறங்கினார். பதின்மூன்றாவதாக முடித்தார், அந்த ஆண்டின் இறுதியில் ரசிகர்களின் வாக்கில் அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராகவும் தேர்வானார். நம்மூர்க்காரர் ஒருவர் ஓட்டுகிறாரே என்று பார்க்கத் தொடங்கியவன், அவர் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டேன். வேலையில் நான் பல ஆண்டுகள் தேர்வுத்தாள் திருத்தியவன். ஒரே பிழைக்கு ஒரு மாணவரிடம் அரை மதிப்பெண்ணும் இன்னொருவரிடம் பத்து மதிப்பெண்ணும் பிடித்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாரிடம் நிற்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, நாஸ்காரின் பிளேஆஃபைப் பற்றிய வாதங்களில் எல்லோரும் வெற்றிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது நான் தவறுகளின் விலையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குக்கு முன்பு முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1975 முதல் பாப் லாட்ஃபோர்ட் வகுத்த புள்ளிமுறை நடைமுறையில் இருந்தது. வென்றவருக்கு 175, அடுத்தவருக்கு 170 என்று இறங்கி, நாற்பத்து மூன்றாவதாக முடித்தவருக்குக்கூட 34 புள்ளிகள் தந்த முறை அது. பிப்ரவரியில் டேடோனாவில் பெற்ற புள்ளிக்கும் நவம்பரில் பெற்ற புள்ளிக்கும் ஒரே மதிப்பு. 2003-இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று, 90 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியனானார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாம் இடத்தில் நின்றார். இதைப் பலரும் கேலி செய்தார்கள். 2004-இல் பிரையன் ஃபிரான்ஸின் தலைமையில் கடைசிப் பத்துப் பந்தயங்களைத் தனியாகப் பிரித்து, முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளை ஏறக்குறையச் சமமாக்கி மோதவிடும் 'சேஸ்' வந்தது. 2014-இல் அது மேலும் இறுகியது. பதினாறு பேர் நுழைவார்கள், மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறை நான்கு பேர் வெளியேறுவார்கள், கடைசிப் பந்தயத்தில் நான்கு பேர் சமப் புள்ளியோடு நிற்பார்கள், அவர்களுள் முன்னால் முடிப்பவர் சாம்பியன். ஒரு கட்டத்தில் ஒரு பந்தயத்தை வென்றவர் அடுத்த கட்டத்துக்குத் தானாகவே போய்விடுவார்.

கென்செத்தைக் கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள் என்று நினைக்கிறேன். லாட்ஃபோர்டின் முறையில் ஒரு மோசமான நாளின் விலை ஏறக்குறைய நிலையானது. எந்த மாதத்தில் சுவரில் மோதினாலும் இழப்பு சுமார் நூறு, நூற்றைம்பது புள்ளிகள்தாம். முப்பத்தாறு பந்தயங்களில் அதை மீட்கவும் முடியும், மீட்க முடியாமல் போகவும் கூடும். விறுவிறுப்பு இல்லாத முறை என்று அதைச் சொல்வார்கள். ஆனால் 1992 நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் ஆறு பேருக்குப் பட்ட வாய்ப்பு இருந்தது. புள்ளிப் பட்டியலில் முதலில் நின்ற டேவி அலிசன், முன்னால் சுழன்ற இன்னொரு காரில் சிக்கி வாய்ப்பை இழந்தார். பில் எலியட் பந்தயத்தை வென்றார். இரண்டாவதாக வந்த ஆலன் குல்விக்கி பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார். அதற்குக் காரணம், அவர் 103 சுற்றுகளும் எலியட் 102 சுற்றுகளும் முன்னணியில் ஓட்டியிருந்ததால் ஐந்து ஊக்கப் புள்ளிகள் குல்விக்கிக்குப் போனதுதான். ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் இருவரும் சமநிலைக்கு வந்து, அதிக வெற்றிகள் பெற்றிருந்த எலியட் சாம்பியனாகியிருப்பார். அப்படி ஒரு முடிவு ஆண்டுதோறும் வாய்க்காது என்பது உண்மை. வாய்த்தபோது அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை என்பதும் உண்மை.

இனி லார்சனின் கதைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

2021-இல் பத்துப் பந்தயங்களை வென்று சாம்பியனானவர் அவர். 2022 அக்டோபர் 9 அன்று, அதே சார்லட் பாதையில், முந்தைய ஆண்டின் சாம்பியனாக ஓட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரை இடிக்கவில்லை, யாரும் நெருக்கவுமில்லை. தாமாகவே காரைச் சுவரில் உரசவிட்டார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புத் தண்டு முறிந்தது. அதைச் சரிசெய்ய, தடத்தின் ஓரத்தில் குழுவினர் காரைப் பழுதுபார்க்கும் பிட்டுக்குள் போனதில் பல சுற்றுகள் இழந்தார். கடைசியில் இரண்டே புள்ளியில் அடுத்த கட்டத்தைத் தவறவிட்டார். தண்டு முறியும் அளவுக்கு ஒரு உரசல், ஓர் ஆண்டின் பட்டக் கனவு. சரி, தவறு செய்தவர் விலை கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

ஓராண்டு கழித்து, 2023 அக்டோபர் 22 அன்று ஹோம்ஸ்டெட்டில், பிளேனியைத் துரத்திக்கொண்டே பிட் சாலைக்குள் நுழைந்த லார்சன், வேகத்தைக் குறைக்க முடியாமல் நுழைவாயிலில் வைக்கப்பட்டிருந்த மணல் பீப்பாய்களில் நேராகப் போய் மோதினார். பீப்பாய்கள் வெடித்து மணல் பாதையெங்கும் சிதறியது, அதைக் கூட்டி அள்ளுவதற்காகப் பந்தயமே நிறுத்தி வைக்கப்பட்டது. அவருடைய ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. 2022-இன் உரசலோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு பெரிய தவறு. விலை? ஒன்றும் இல்லை. முந்தைய வாரம் லாஸ் வேகஸில் வென்றிருந்ததால் இறுதி நால்வரில் அவர் இடம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. பீனிக்ஸில் பட்டத்துக்காகப் போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார்.

ஒரே ஓட்டுநர், ஒரே மாதம், ஒரே வகைப் பிழை. சுவரைத் தொட்டதற்குப் பட்டம் போனது, பீப்பாய்களை உடைத்ததற்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டு விடைத்தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு, திருத்தியவர் ஒருவர்தானா என்ற சந்தேகம் வரும்.

லார்சன் கதை அதோடு முடியவில்லை. 2025 மே 25 அன்று அவர் ஒரே நாளில் இண்டியானாபொலிஸ் 500, சார்லட்டில் 600 மைல் பந்தயம் என இரண்டையும் ஓட்ட முயன்று, இரண்டிலும் விபத்தில் சிக்கி வெளியேறினார். அந்த நாளின் விலையும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதற்குள் அவர் அந்த ஆண்டில் மூன்று பந்தயங்களை வென்று பிளேஆஃபில் இடம் பிடித்திருந்தார். மூன்றாவது வெற்றி அதே மே மாதம் கேன்சாஸில் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த ஆண்டில் அவர் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. நவம்பரில் சாம்பியனானார்.

இதன் மறுபக்கத்தில் கெவின் ஹார்விக் நிற்கிறார். 2020-இல் ஒன்பது பந்தயங்களை வென்றவர். எட்டுப் பேர் மிஞ்சிய கட்டத்தில், டெக்சஸில், முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது தூறலில் ஈரமான தடத்தில் வழுக்கிச் சுவரில் பட்டார். மழை விடாமல் பெய்ததால் அக்டோபர் 25-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் 28-ஆம் தேதிதான் முடிந்தது. அவருக்குப் பதினாறாவது இடம். அடுத்த வாரம் மார்ட்டின்ஸ்வில்லில் காரில் வேகம் இல்லை, பதினேழாவது இடம், கடைசித் திருப்பத்தில் நம்பிக்கையற்று கைல் புஷ்ஷின் காரை இடித்துப் பார்த்தும் பலனில்லை. ஒன்பது வெற்றிகள் கொண்ட ஆண்டு இரண்டு சுமாரான வாரங்களில் கரைந்தது. இதில் டெக்சஸ் வழுக்கலை முழுமையாக ஓட்டுநரின் தவறு என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. ஈரத்தை முதலில் தொடுபவர் எப்போதும் முன்னால் போகிறவர்தான்.

தவறு எது, துரதிர்ஷ்டம் எது என்று பிரிப்பது இந்த விளையாட்டில் எப்போதும் கடினம். ஐயத்துக்கே இடமில்லாத தவறு ஒன்று உண்டு, அது பிட் சாலை வேக மீறல். நாஸ்கார் கார்களில் நம் கார்களில் இருப்பதுபோன்ற வேகமானி கிடையாது. இயந்திரத்தின் சுழற்சி எண்ணிக்கையையும் அதற்கேற்ப எரியும் விளக்குகளையும் பார்த்து ஓட்டுநர் தம் வேகத்தை ஊகித்துக்கொள்ள வேண்டும். பிட் சாலை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டையும் கடக்க ஆன நேரத்திலிருந்து சராசரி வேகம் கணக்கிடப்படுகிறது. குறித்த வேகத்துக்கு மேல் மணிக்கு ஐந்து மைல் வரை பொறுத்துக்கொள்வார்கள் என்பதால் எல்லோரும் அந்த ஐந்து மைலின் விளிம்பிலேயே ஓட்டுகிறார்கள். ஒரு துண்டில் இம்மியளவு மீறினாலும் தண்டனைதான், பிட் சாலையை இன்னொரு முறை கடந்து வரவோ வரிசையின் கடைசிக்குப் போகவோ வேண்டும். இங்கே வாதாட எதுவும் இல்லை. கருவி சொன்னது சொன்னதுதான்.

2025 அக்டோபர் 5 அன்று சார்லட்டில் ராஸ் சாஸ்டைனுக்கு நேர்ந்தது இதுதான். பந்தயத்தின் நடுவே பிட் சாலையில் வேகம் மீறிப் பிடிபட்டு இடங்களை இழந்தார். எட்டுப் பேர் கட்டத்துக்கான கடைசி இடத்துக்கு அவருக்கும் ஜோயி லொகானோவுக்கும் இடையே மிக நெருக்கமான இழுபறி இருந்தது. கடைசிச் சுற்றில் டென்னி ஹாம்லின், தமக்கு அவ்வளவாகத் தேவைப்படாத ஓர் இடத்துக்காக சாஸ்டைனை முந்தினார். அந்த ஓர் இடம் லொகானோவை உள்ளே கொண்டுபோகப் போதுமானது. கடைசித் திருப்பத்தில் சாஸ்டைன் ஹாம்லினை இடித்தார், இரு கார்களும் சுழன்றன, சாஸ்டைன் கோட்டைப் பின்பக்கமாகக் கடந்தார். பிட் சாலையில் அந்த வேக மீறல் மட்டும் நேர்ந்திராவிட்டால் இந்த முடிவே வந்திராது. அதே மீறல் மே மாதத்தில் நடந்திருந்தால் திங்கட்கிழமை காலையில் அதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்ற விளையாட்டுகளின் வெளியேற்றச் சுற்றுகளோடு இதை ஒப்பிடுபவர்கள் ஒரு பெரிய வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. வேறு எங்கும் அரையிறுதி என்றால் இரண்டு அணிகள் மட்டும் மைதானத்தில் நிற்கும், தோற்றவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாஸ்காரில் தோற்றவர்களும் தகுதியே பெறாதவர்களும் அதே தடத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் யார் தவறு செய்தாலும் அதன் விலையை யாரோ ஒரு பட்டப் போட்டியாளர் கொடுக்க நேரிடும். ஜெஃப்ரி எர்ன்ஹார்ட்டின் நின்றுபோன கார் ஜான்சனை வெளியேற்றிய கதையை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். எர்ன்ஹார்ட்டுக்கு அந்தப் பட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை.

2025 நவம்பர் 2 அன்று பீனிக்ஸில் இது உச்சத்துக்குப் போனது. ஹாம்லின் அந்த ஆண்டு ஆறு பந்தயங்களை வென்றவர், அதுவரை மொத்தம் அறுபது வெற்றிகள் பெற்றவர், ஒரு பட்டம்கூட இல்லாதவர். அன்று 208 சுற்றுகளில் முன்னணியில் ஓட்டினார். எங்கும் தவறவில்லை. மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போது இன்னொரு இறுதிப் போட்டியாளரான வில்லியம் பைரனின் டயர் வெடித்து, எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் பிட்டுக்குள் வந்தார்கள். ஹாம்லினின் குழு நான்கு டயர்களை மாற்றியது, லார்சனின் குழு இரண்டை மட்டும் மாற்றி அவரை முன்னால் வெளியே அனுப்பியது. கடைசி இரண்டு சுற்றுகளில் லார்சன் மூன்றாவதாகவும் ஹாம்லின் ஆறாவதாகவும் முடித்தார்கள். பந்தயத்தை வென்றவர் பட்டப் போட்டியிலேயே இல்லாத பிளேனி. சாம்பியனான லார்சன் அன்று ஒரு சுற்றில்கூட முன்னணியில் ஓட்டவில்லை. நான்கு டயர்களா இரண்டா என்ற முடிவைக் குழுவின் தவறு என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. புதிய டயர்களோடு நல்ல வேகம் கிடைக்கும் என்று நம்பியது நியாயமான கணக்கு, சுற்றுகள் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு நல்ல முடிவும் மோசமான முடிவும் இரண்டு சுற்றுகளில் பிரித்தறிய முடியாமல் போகும் இடத்தில் ஓர் ஆண்டின் பட்டத்தை வைத்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது.

தவறுக்குக் கடும் விலை வாங்கும் இந்த முறை, விசித்திரமாக, தவறை மொத்தமாக மன்னிக்கவும் செய்தது. 2015-இல் கைல் புஷ் பிப்ரவரியில் கால் முறிந்து பதினொரு பந்தயங்களைத் தவறவிட்டும் சாம்பியனானார். அதில் எனக்குப் பெரிய குறையில்லை, காயம் தவறல்ல. 2024-இல் லொகானோவின் கதை வேறு. அக்டோபர் 13 அன்று சார்லட்டில் அவர் வெளியேறிவிட்டார். பந்தயத்துக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் அலெக்ஸ் போமனின் கார் எடை குறைவாக இருந்ததால் போமன் தகுதி நீக்கம் செய்யப்பட்டார், லொகானோ திரும்ப உள்ளே வந்தார். அடுத்த வாரமே எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தி லாஸ் வேகஸில் வென்று இறுதிக்குப் போனார், நவம்பர் 10 அன்று பீனிக்ஸில் வென்று சாம்பியனானார். அந்த ஆண்டில் அவர் முடித்த இடங்களின் சராசரி 17.1. முந்தைய எந்தச் சாம்பியனுக்கும் இவ்வளவு தாழ்ந்த சராசரி இருந்ததில்லை. லொகானோ மீது குற்றம் சொல்ல மாட்டேன். கதவு எப்போது திறந்திருக்கும் என்பதை அவரளவுக்குப் படித்து வைத்திருந்தவர் யாரும் இல்லை. ஆனால் சராசரியாகப் பதினேழாவதாக முடிக்கும் ஆண்டு என்பது பல மோசமான ஞாயிற்றுக்கிழமைகள் கொண்ட ஆண்டு, அவற்றில் எதற்கும் விலை கேட்கப்படவில்லை.

விலை இப்படி ஏறி இறங்கும் சந்தையில் போலிச் சரக்கு வருவது இயல்பு. 2013 செப்டம்பர் 7 அன்று ரிச்மண்டில், ஏழு சுற்றுகள் மீதமிருக்கையில், மைக்கேல் வால்ட்ரிப் ரேசிங் அணியின் கிளின்ட் போயரின் கார் தனியாகச் சுழன்றது. அதனால் மஞ்சள் கொடி விழ, முன்னணியில் இருந்த நியூமன் வெற்றியை இழந்தார். அதே அணியின் பிரையன் விக்கர்ஸ் காரணமில்லாமல் பிட்டுக்குள் அழைக்கப்பட்டார். முடிவில் அந்த அணியின் ட்ரூஎக்ஸ் சேஸுக்குள் நுழைந்தார். ஓட்டுநர்களும் அணியினரும் வானொலியில் பேசிக்கொண்ட பதிவுகளை எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். போயர் வேண்டுமென்றே சுழன்றார் என்பதை உறுதியாக நிறுவ முடியவில்லை என்று நாஸ்கார் சொன்னது. விக்கர்ஸுக்குத் தரப்பட்ட உத்தரவை வைத்தே 3,00,000 டாலர் அபராதமும் அணியின் ஒவ்வொரு காருக்கும் 50 புள்ளிக் குறைப்பும் விதித்தது. ட்ரூஎக்ஸ் நீக்கப்பட்டார், நியூமன் சேர்க்கப்பட்டார், சில நாள்கள் கழித்து ஜெஃப் கார்டன் பதின்மூன்றாவது ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டார். அணியின் முக்கிய விளம்பரதாரர் அந்த ஆண்டோடு விலகினார், 2015-க்குப் பிறகு அணியே இல்லாமல் போனது.

அந்த இரவுக்குப் பிறகு நான் எந்தச் சுழற்சியையும் பழைய கண்ணோடு பார்த்ததில்லை. ஒரு கார் தனியாகச் சுழலும்போதெல்லாம் இப்போது யாருக்கு என்ன தேவை என்று புள்ளிப் பட்டியலைத்தான் கண் தேடுகிறது. 2024 நவம்பர் 3 அன்று மார்ட்டின்ஸ்வில்லில், பைரனின் இடத்தைக் காப்பதற்காகப் பின்னால் வந்த செவ்ரலே கார்கள் அவரை முந்தாமல் வந்ததாகவும், டொயோட்டா கார் ஒன்று கிறிஸ்டோபர் பெல்லுக்காக வேகம் குறைத்ததாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. நாஸ்கார் மூன்று அணிகளின் மீதும் அவற்றின் ஓட்டுநர்கள் மீதும் மொத்தம் 6,00,000 டாலர் அபராதம் விதித்தது. உண்மையான தவறுக்கும் நாடகத் தவறுக்கும் வேறுபாடு காணும் வேலை நடுவர்களின் தலையில் விழுந்தது. ஓட்டுநரின் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் கருவி பிட் சாலையில் பதிக்கப்படவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை நான் மதிக்கிறேன். நெருக்கடியில் தவறாமல் இருப்பதும் ஒரு திறமைதான், முழுஆண்டுத் தேர்வுக்குக் கூடுதல் எடை இருப்பதை நாமே ஏற்றுக்கொண்டுதானே வாழ்கிறோம் என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குக் கூடுதல் மதிப்பு தருவதில் எனக்கு மறுப்பில்லை. 2011-இல் பழைய சேஸ் அதை அழகாகவே செய்து காட்டியது. கார்ல் எட்வர்ட்ஸ் பத்துப் பந்தயங்களில் சராசரியாக 4.9-ஆம் இடத்தில் முடித்தார், ஒன்றிலும் சறுக்கவில்லை. டோனி ஸ்டூவர்ட் பத்தில் ஐந்தை வென்றார், இடையில் சறுக்கவும் செய்தார். இறுதியில் இருவரும் 2403 புள்ளிகளோடு சமநிலையில் நின்றார்கள், அதிக வெற்றிகளின் பேரில் பட்டம் ஸ்டூவர்ட்டுக்குப் போனது. தவறாமல் ஓட்டியவருக்கும் துணிந்து ஓட்டியவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கிடைத்தது. எட்வர்ட்ஸுக்காக அன்று வருந்தினேன், ஆனால் யாரும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. 2014-க்குப் பிந்தைய முறையில் தேர்வின் எடை கூடியதோடு நிற்கவில்லை. மூன்று தாள்களுக்கு ஒருமுறை பழைய மதிப்பெண்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன, கடைசித் தாளுக்கு முன்பு மொத்தமாகவே அழிக்கப்பட்டன. அழிப்பதற்கு முந்தைய நாள் செய்த பிழையும் பிந்தைய நாள் செய்த பிழையும் எப்படி ஒன்றாகும்?

2026 ஜனவரியில் நாஸ்கார் அந்த முறையைக் கைவிட்டு, மீண்டும் சேஸுக்குத் திரும்புவதாக அறிவித்தது. முதல் 26 பந்தயங்களில் புள்ளிகளின் அடிப்படையில் பதினாறு பேர், பிறகு பத்துப் பந்தயங்கள், இடையில் வெளியேற்றம் இல்லை, ஒரு வெற்றியால் தானாக நுழைவதும் இல்லை. முதலில் நிற்பவர் 2100 புள்ளிகளோடும் அடுத்தவர் 2075-ஓடும் தொடங்குவார்கள். ஒரு வெற்றிக்கு 40-க்குப் பதிலாக 55 புள்ளிகள்.

அறிவிப்பைப் படித்த அன்று நான் முதலில் செய்தது ஜான்சனின் கணக்கைத் திரும்பப் போட்டதுதான். 2018-இல் இரண்டாம் இடத்துக்கு 35 புள்ளி, எட்டாம் இடத்துக்கு 29. அந்தத் தாமதமான பிரேக்கால் அவர் நேரடியாக இழந்தது ஆறு புள்ளிகள், வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் ஐந்து. அடுத்த கட்டம் கையில் இருந்த நிலையில் அது முட்டாள்தனமான சூதாட்டம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். புதிய முறையில் அதே இடத்தில் அவர் முந்த முயன்றிருந்தால் வெற்றியால் கிடைப்பது இருபது, தவறினால் போவது அதே ஆறு, மீட்பதற்குப் பல பந்தயங்கள் மிச்சம் இருக்கும். அந்தக் கணக்கில் முயலாமல் இருப்பதுதான் முட்டாள்தனம். ஆனால் இருபது புள்ளி என்பது முன்னால் போகிறவரை இடித்துத் தள்ளவும் ஆசை காட்டும். 2024 ஆகஸ்டில் ரிச்மண்டின் கடைசிச் சுற்றில் ஆஸ்டின் டில்லன் இருவரை இடித்துச் சுழற்றிவிட்டு வென்றபோது, வெற்றியை வைத்துக்கொள்ளவிட்டு பிளேஆஃப் தகுதியை மட்டும் நாஸ்கார் பறித்தது. தானாக நுழையும் வழியே இல்லாத முறையில் பறிக்க அப்படி எதுவும் இருக்காது. அப்போது என்ன செய்வார்கள் என்பதற்கு விடை, அக்டோபரில் ஏதாவது ஒரு கடைசித் திருப்பத்தில் இரண்டாவதாக வருகிறவர் எப்போது பிரேக்கை மிதிக்கிறார் என்பதில் இருக்கிறது. அலாரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.